ஓரகத்தி கிழித்தெறிந்த லேபிள்

என் பெயரைப் பிழையில்லாமல் வாசித்த தலைவர் சி தவ்ஃபீக் அவர்களே! நான் சட்டத்தைத் தப்பாகச் சொன்னால் என் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதாக உறுதியளித்துப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வழக்கறிஞர் வஹீதா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்திருக்கும் பெரியோர்களே! பின்வரிசையில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! கெட்ட மீனைத் தின்று, சிவந்து, சொறிந்து, சுருண்டு, ஒருவழியாகப் பிழைத்து வந்திருக்கும் ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பெருமக்களே! அனைவருக்கும் என் ஸலாம்.

'திரும்பப் பெறப்பட்ட மீனை வாங்கியவர்களுக்குச் சட்டம் காட்டும் வழிகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச என்னைவிடத் தகுதியானவள் என் ஓரகத்தி நஸீஹா. அதோ, நான்காவது வரிசையில் பச்சை முக்காடு. முதலில் அவளைத்தான் அழைத்தார்கள். அவளுக்குக் கூச்சமாம். கூச்சப்படுவதும் அவளுக்கு அழகாகவே இருக்கிறது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

சிரிக்காதீர்கள் அம்மா. பொறாமையை விட்டுவிட்டு இந்த வழக்கைச் சொல்ல முடியாது.

நோன்புப் பெருநாள் காலையில் நம் ஊரில் எந்த வீட்டில் உப்புமீன் வேகவில்லை? எந்த வீட்டு அடுப்பில் ஷர்மூலாவுக்காக வெங்காயமும் உலர்திராட்சையும் குழையவில்லை? எந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தட்டுப் போகவில்லை? அந்தத் தட்டின் மேல் ஒரு பொய்யும் ஏறிப் போகவில்லையா? 'கடையில வாங்கினதில்ல. கெர்கென்னாவுல எங்க மச்சான் பிடிச்சு, அவர் கையாலயே உப்புப் போட்டது.' இந்த ஊர் பெருநாளில் தின்னும் மீனை எல்லாம் மச்சான்மார்தான் பிடித்தார்கள் என்றால், அந்தத் தீவில் மச்சான்களைத் தவிர வேறு யாருக்கும் நிற்க இடமிருக்காது.

நஸீஹாவும் அதைத்தான் சொன்னாள். பன்னிரண்டு பெருநாளாகச் சொன்னாள். பன்னிரண்டு பெருநாளாக என் மாமியார் இரண்டு தட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு சொல்வார்: 'ரதீயா, நீயும்தான் செய்யிற. ஆனா நஸீஹா கையில என்னமோ இருக்கு.'

'உப்பு இருக்கு மாமி.'

'அது உனக்கு வாயில இருக்கு.'

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம். குப்பைப் பைகளும் ஒரே வாசலில்தான் நிற்கும். இந்த ஆண்டு பெருநாளுக்கு முந்தைய பிற்பகல், அவள் பையை நான் அவிழ்த்தேன். ஆம், அவிழ்த்தேன். வெங்காயத் தோலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உறையிலிருந்து கிழித்து நாலாக மடித்துப் போட்ட ஒரு லேபிள். கம்பெனியின் பெயர், கடையின் முத்திரை, தேதி, தொகுப்பு எண், எல்லாம் இருந்தன. மச்சான் மட்டும் இல்லை!

லேபிளைக் கைப்பைக்குள் வைத்தேன். பெருநாளின் இரண்டாம் நாள் குடும்பம் மொத்தமும் மாமியார் வீட்டில் கூடும்போது, நஸீஹாவின் தட்டுக்குப் பக்கத்தில் அதை மெல்ல வைப்பதாகத் திட்டம். அவ்வளவு நிம்மதியாக நான் எந்தப் பெருநாளுக்கும் காத்திருந்ததில்லை.

முதல் நாள் அவள் தட்டு வந்தது. 'எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை' என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை தின்றேன். ஆராய்ச்சிக்காக. மேற்கொண்டு ஆராய ஒரு துண்டை ஃப்ரீஸரிலும் வைத்தேன். நண்பகலுக்குள் என் முகம் மிளகாய்ப்பழம் ஆயிற்று. 'என்னடி இது?' என்றார் கணவர். 'வெயில்' என்றேன். அன்று வெயிலே இல்லை. நஸீஹாவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவள் தட்டுப் போன ஏழு வீட்டிலும் தடிப்பும் வாந்தியும். இரண்டாம் நாள் கூட்டமே நடக்கவில்லை.

மறுநாள் வானொலியில் அறிவிப்பு வந்தது. இன்ன எண்ணுள்ள பாக்கெட் உப்புமீனில் நச்சு. தின்னாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். கேட்டதும் ஊரே நிம்மதி அடைந்தது. ஏனென்றால் ஊரில் யாருமே பாக்கெட் மீன் வாங்கியிருக்கவில்லை!

அப்படியென்றால் நச்சு எங்கிருந்து வந்தது? இதைக் கண்டுபிடிக்க ஊருக்கு அரைநாள் போதுமானதாக இருந்தது.

'ஊற வச்ச தண்ணிய மாத்தவே இல்லையாமே?'

'அவ பாத்திரம் எப்பவுமே பிசுபிசுன்னுதான் இருக்கும்.'

'நான் அப்பவே நெனச்சேன்.'

கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் நஸீஹாவின் பிழைப்பு. நான்கே நாளில் மூன்று கல்யாண வீடுகள் அவளை வேண்டாம் என்றன. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்று, வானொலி சொன்ன அதே எண்ணோடு, என் கைப்பையில் கிடந்தது. அவளோ வாயைத் திறக்கவில்லை. கடையில் வாங்கியது என்று சொல்வதைவிட, பாத்திரம் கழுவத் தெரியாதவள் என்ற பெயரே மேல் என்று இருந்தாள். அவளைக் குறை சொல்ல இந்த மன்றத்தில் யாருக்குத் தகுதி இருக்கிறது?

நான் என்ன செய்தேன்? நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன். மேடையில் பொய் சொல்ல மாட்டேன். அதற்குத்தான் தட்டுகள் இருக்கின்றனவே.

ஐந்தாம் நாள் அவள் என் வாசலுக்கு வந்தாள். கையில் ஷர்மூலா கிண்டும் அந்தச் செம்புப் பாத்திரம். 'இத நீயே வச்சுக்க ரதீயா. இனிமே என் கையால யாரு சாப்பிடப் போறா?'

பன்னிரண்டு வருடம் நான் கண் வைத்த பாத்திரம். வாங்கி அடுப்பில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் முயன்று என்னால் முடியாததை ஒரு பாக்கெட் செய்துவிட்டது! நஸீஹாவைத் தோற்கடிக்க நான் ஒருத்தி இங்கே இருக்கும்போது, இடையில் புகுந்து அவளைத் தோற்கடிக்க அந்தக் கம்பெனி யார்?

போய் லேபிளை நீட்டினேன்.

'என்ன இது?'

'உன் கெர்கென்னா மச்சான்.'

மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். 'குப்பையக் கிளறினியா?'

'நீ பொய் சொன்னியா?'

'ஆமா.'

'நானும் ஆமா. முக்காட்டப் போடு, வக்கீல் வீட்டுக்குப் போவோம்.'

வழக்கறிஞர் வஹீதா கேட்டார்: 'பில் இருக்கா?' இல்லை. 'லேபிள்?' இருக்கிறது. 'மிச்ச மீன்?' நஸீஹா தலை குனிந்தாள். நான் மெதுவாக, 'என் ஃப்ரீஸர்ல இருக்கு' என்றேன். வக்கீலம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்: 'உங்க வீட்டுல பொறாமை மட்டும் இல்லாம இருந்திருந்தா, என் கையில கேஸே இல்லம்மா!'

அவர் சொன்னதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்கலாம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம். பில் இல்லாவிட்டாலும் லேபிளும் உறையும் பேசும். ஆனால் கடைக்காரர் புது மீனைக் கொடுத்து, 'இதோட சரி' என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டால், படிக்காமல் போடாதீர்கள். பணம் திரும்ப வந்தால் போதும் என்பவர்களுக்கு அந்த வழி. உடம்பு கெட்டவர்களுக்கு நீதிமன்றம். அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். 'வெயில்' என்று சொன்னவர்களுக்குச் சீட்டுக் கிடைக்காது, என்னைப் போல. நுகர்வோர் சங்கத்தில் புகார் எழுதலாம். நூறு பேர் எழுதினால் ஒருவருக்குள்ள பலம் நூறாகும். என்ன கேட்கிறீர்கள் அண்ணா? வாங்காமல் தின்றவரா? தட்டில் வந்ததைத் தின்று படுத்தவரும் கேட்கலாம். நஞ்சு பில்லைப் பார்த்து உள்ளே போவதில்லை.

வழக்குப் போட்டோம். கம்பெனி என்ன பதில் தந்தது தெரியுமா? 'நச்சு இருந்தது கிடங்கில் நின்ற பெட்டிகளில்தான். விற்ற மீனைப் பற்றி வேறு யாரிடமிருந்தும் புகார் இல்லை. ஆகவே மீன் அந்தப் பெண்ணின் சமையலறையில்தான் கெட்டிருக்க வேண்டும்.' வேறு யாரிடமிருந்தும் புகார் இல்லை! எப்படி வரும்? நீங்கள் எல்லோரும் தீவில் சம்பந்தம் வைத்தவர்கள் ஆயிற்றே! வருகிற வியாழக்கிழமை விசாரணை. அந்த எண்ணில் இன்னொரு பாக்கெட், இன்னொரு வீடு, இன்னொரு வாய் வேண்டும். இல்லாவிட்டால் நஸீஹா கெட்ட கைக்காரியாகவே இந்த ஊரில் சாவாள்.

ஆகவே கேட்கிறேன். பாக்கெட் மீன் வாங்கியவர்கள் கையைத் தூக்குங்கள்.

யாரும் இல்லையா? இவ்வளவு பெரிய மன்றத்தில் ஒரு கைகூட இல்லையா?

நல்லது. அப்படியென்றால் வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உண்மை பேசப்போகிறவள் நஸீஹா ஒருத்திதான். வாசலில் செய்தித்தாள்காரர்கள் நிற்பார்கள். படம் அவளுக்கு. பெயர் அவளுக்கு. ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் ஒரே நேர்மையான பெண் யார் என்றால் நஸீஹா! இதை உங்களால் பொறுத்துக்கொள்ள முடியுமா? சத்தியமாக என்னால் முடியாது!

யார் அது? மூன்றாவது வரிசை. லல்லா மக்பூலா! கணவர் கையைப் பிடித்து இழுக்கிறாரே? விடுங்கள் ஐயா, அவர் தூக்கட்டும்! 'மச்சானும் இல்ல, மாமனும் இல்ல, மீன் சந்தைக்கு எதிர்த்த கடையிலதான் வாங்கினேன்' என்கிறார். கேட்டதா? அங்கே தூண் பக்கத்தில் ஒரு கை. அதற்குப் பின்னால் இரண்டு. தலைவர் அவர்களே, நீங்களுமா? உட்காருங்கள், வரிசையாக வருவோம்.

முண்டியடிக்காதீர்கள். நான்காவது வரிசைக்கு ஏன் போகிறீர்கள்? அவளிடம் மன்னிப்புக் கேட்பதெல்லாம் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதும் தாள் என்னிடம்தான் இருக்கிறது. நஸீஹாவிடம் இல்லை!

பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி, பொறாமையோடு கேட்டதற்கு இன்னும் நன்றி. எல்லோருக்கும் ஸலாம். பேனா வைத்திருப்பவர்கள் முன்னால் வாருங்கள்.