கணபதி அண்ணன் வாயில ஒரு புண்ணு

— வீடியோவ போடுங்கன்னா போட மாட்டேங்குறீங்க.

— சிக்னல் இல்ல புஷ்பம். ஸ்பிரிங்வெளி தோட்டத்துல மழைன்னா டவர் படுத்துக்கும்னு தெரியாதா? குவைத்துக்கு போயி ரெண்டு வருசத்துல எல்லாத்தையும் மறந்துட்ட.

— மழையா? வெயில்ல உடுப்பு காயப் போட்டேன்னு நம்ம மக சொன்னாளே.

— அது... சுபாஜினி காலையில போட்டது. இப்ப மழை.

— ம்... சாப்பிட்டீங்களா?

— கஞ்சி குடிச்சேன்.

— பகல் மூணு மணிக்கு கஞ்சியா? ரொட்டியும் கட்டச் சம்பலும் இல்லாம ஒரு நாள் இருக்க மாட்டீங்களே, நல்லையா தொரை!

— தொரையாம் தொரை... வயசாச்சில்ல. சரி, ஒனக்கு இன்னைக்கு வேல இல்லையா? அஞ்சு நிமிசத்துல 'வைக்கிறேங்க'ன்னு வைக்கிறவ.

— மேடம் வெளிய போயிருக்காங்க. நீங்க பேசுங்க. லயத்து வீடுகள்ல என்ன விசேசம்?

— என்ன விசேசம்... ஆங், பக்கத்து காம்பரா கணபதி அண்ணன் இருக்காருல்ல... அவருக்கு வாயில ஒரு புண்ணு.

— கணபதி அண்ணனுக்கா?

— ஆமா. வாய்க்குள்ள, மேல... அண்ணம்னு சொல்றாங்க. வீட்டுக்கு கூரை இருக்குற மாதிரி வாய்க்கு அது. நாக்கால தொட்டா சொரசொரன்னு இருக்கு... இருக்காம்.

— எத்தன நாளா?

— ஏழெட்டு மாசமா. சூடா தேத்தண்ணி குடிச்சு வெந்துருச்சுன்னு நெனச்சு நெய்ய தடவிக்கிட்டு இருந்தாரு. நோவு இல்ல பாரு, அதான் வினை. நொந்திருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரு.

— நோகாத புண்ணுக்கு எதுக்கு ஒரு நாள் பேர விட்டு சம்பளத்த இழக்கணும்னு இருந்துட்டாரு...

— அதே தான். அப்புறம் மேல் பல்லு செட்டு ஒக்கார மாட்டேங்குது. பதுளையில செட்டு கட்டுறவன்கிட்ட ரெண்டு தரம் ராவிக்கிட்டு வந்தேன்... வந்தாரு. உள்ள புண்ணு வளந்து செட்ட தள்ளுதுன்னு யாருக்குத் தெரியும்? செட்டு கட்டுனவனத்தான் ஏசினோம்.

— கணபதி அண்ணனுக்கு எப்பங்க பல்லு செட்டு? தைப்பொங்கலுக்கு கரும்ப கடிச்சு துப்புவாரே.

— அது... நீ போன பொறவு கட்டினாரு.

— ஓ... நான் போன பொறவு. எதனால வந்துச்சாம்?

— சுருட்டு.

— கோயில் தலைவரு சுருட்டு புடிச்சாரா!

— ஒளிச்சு ஒளிச்சு புடிச்சிருக்காரு. நமக்கு என்ன தெரியும்?

— ஐயோ... அந்த மனுசனப் போயி...

— சிரிக்காத புள்ள. அதுவும் சும்மா இல்ல, நெருப்புப் பக்கத்த வாய்க்குள்ள வச்சு இழுத்திருக்காரு. சுருட்டே கெடுதி, இது அதவிட பெரிய கெடுதியாம். முப்பது வருசமா அண்ணத்துல சூடு பட்டுப் பட்டு... டொக்டர் கேக்குறாரு, 'ஏன்யா நெருப்ப திருப்பி வச்சீங்க'ன்னு. கவ்வாத்து வெட்டுற மலையில நாள் பூரா தூறல். கத்திய புடிச்ச கை விட ஏலாது. சுருட்ட வெளிய வச்சா நனஞ்சு அணஞ்சிரும். உள்ள வச்சா குளிருக்கும் இதமா இருக்கும். தேயில செடிய வெட்டிப் பாக்காத ஆளுக்கு இத எப்படி சொல்லி வெளங்கப்படுத்துறது?

— நீங்களும் அப்படித்தானே புடிச்சீங்க? நான் எத்தன தரம் ஏசியிருப்பேன்...

— நான் தான் விட்டுட்டேன்ல! நீ ஏர்போட்டுல வச்சு சத்தியம் வாங்கின அன்னைக்கு கடைசி.

— நெசமா?

— ஒம்மேல ஆணையா, தொடல்ல. சுருட்ட விட்டது பெருசில்ல, நீ இல்லாம விட்டதுதான் பெருசு. சாயந்தரமானா வாசல்ல குந்திக்கிட்டு வெறும் வாயோட நமுனுகுல மலைய பாத்துக்கிட்டு இருப்பேன்.

— என்னங்க...

— ம்?

— ஒண்ணுமில்ல. சொல்லுங்க. டொக்டர் என்ன நோயின்னு சொன்னாரு?

— துண்டு சதை எடுத்து சோதிச்சாங்க. அந்த நோயிதான்.

— எந்த நோயி?

— அதான்... மகரகம நோயி.

— மகரகம ஆஸ்பத்திரி இருக்குற ஊருங்க. நோயிக்கு பேரு இருக்குல்ல? சொல்லுங்க.

— எதுக்கு புள்ள...

— சொல்லுங்க. பேர சொல்ல பயந்தா அப்புறம் வைத்தியத்துக்கு எப்படி போறது?

— ...புத்துநோய். சொல்லிட்டேன். போதுமா?

— போதும். பயமா இருக்கா?

— எனக்கு... அவருக்கா? இருக்காதா? ராத்திரியெல்லாம் நாக்கு அங்கயே போகுதாம். ஆனா கழுத்துக்கு எறங்கல்லயாம். வெட்டி எடுத்துட்டு, பொறவு மகரகமவுக்கு போயி கதிர் அடிக்கிற கரண்ட் புடிச்சா தேறிடலாம்னு டொக்டர் சொன்னாரு.

— எப்ப வெட்டுறாங்க?

— நாளைக்கு காலையில. அண்ணத்துல பாதிய எடுத்துருவாங்க. வாய்க்கும் மூக்குக்கும் நடுவுல ஓட்ட விழுந்துரும். தண்ணி குடிச்சா மூக்கால வருமாம். அத அடைக்க பல்லு செட்டு மாதிரியே ஒரு தட்டு செஞ்சு குடுப்பாங்களாம்.

— பேச்சு?

— அதத்தான் நானும்... அவரும் கேட்டாரு. சத்தம் எல்லாம் மூக்கு வழியா போயிருமாம். தட்டு போட்டுப் பழகினா மத்தவங்களுக்கு வெளங்குற மாதிரி பேசலாமாம். பழைய சத்தம் வருமான்னு கேட்டதுக்கு டொக்டர் சிரிச்சுக்கிட்டே தோள தட்டினாரு. அவ்வளவுதான்.

— அக்காவுக்கு தெரியுமா?

— எந்த அக்கா?

— கணபதி அண்ணன் சம்சாரம்.

— தெரியாது. சொன்னா ஒடஞ்சு போயிரும். இருக்குற எடத்துல தனியா அழுதுக்கிட்டு கெடக்கும். நெனச்ச ஒடனே வரவும் ஏலாது, பாவம்...

— ஒரே காம்பராவுல இருக்கவ எங்கேருந்துங்க வரணும்? சரி சரி, விடுங்க. நான் அக்காவா இருந்தா என்ன கேப்பேன் தெரியுமா?

— என்ன கேப்ப?

— வெட்டுறதுக்கு முந்தி ஒரு தரம் கூப்பிடச் சொல்லுவேன். நெனவிருக்கா? நான் ஏழாம் நம்பர் மலையில கொழுந்து எடுப்பேன். ஆத்துக்கு அந்தப் பக்கம் நீங்க கவ்வாத்து. அங்கேருந்து கூவுவீங்களே...

— கிறுக்கி! அது இருவத்தஞ்சு வருசக் கத.

— எனக்கு இல்ல. இங்க தெனமும் விடிய முந்தி அந்த சத்தத்துலதான் முழிக்கிறேன். முழிச்சு பாத்தா ஏசி ஓடுற சத்தம். ஒங்கள பாக்காம கூட இருந்துட்டேங்க, அந்த சத்தம் இல்லாமத்தான் முடியல்ல. கூப்பிடுங்க.

— இப்பவா? ஆளுக இருக்காங்க.

— நம்ம காம்பராவுலயா?

— இல்ல... பக்கத்து கட்டில்ல...

— நம்ம காம்பராவுல எத்தன கட்டிலு?

— அது... சரி, கூப்பிடுறேன். புஷ்போ...

— இது தொட்டில்ல கெடக்குற புள்ளைய கூப்பிடுற சத்தம். ஆறு தாண்டி வரணும்.

— புஷ்போஓஓ... ஓய்! ஏழாம் நம்பர்ல நிக்கிற புஷ்போஓஓ!

— இதுதாங்க... இதேதான்.

— போச்சு! நர்ஸ் மிஸ் வந்து ஏசிட்டு போகுது.

— எந்த மிஸ்?

— டிவியில... டிவியில ஒரு மிஸ். நீ என்ன அழுறியா?

— வெங்காயம் வெட்டுறேன்.

— அந்தக் காலத்துல கூட நீ ஒரு தரமாச்சும் பதிலுக்கு கூவியிருக்கியா? தலையில கட்டுன துணிய அவுத்து ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு குனிஞ்சுக்குவ.

— கங்காணி முதுகுக்குப் பின்னால நிக்கிறப்ப எப்படி கூவுறது? துணிய ஆட்டினாலே ஒங்களுக்கு வெளங்குச்சுல்ல?

— வெளங்காமயா கட்டிக்கிட்டேன்... சரி புஷ்பம், வைக்கவா? நாளையில இருந்து கோல் எடுக்காத. போனை ரிப்பேருக்கு குடுக்கப் போறேன். ரெண்டு மூணு வாரம் ஆவும். சுபாஜினிகிட்ட பேசிக்க. கோவிச்சுக்காத, என்ன?

— வைக்காதீங்க. கணபதி அண்ணன் முந்தாநேத்து எனக்கு கோல் எடுத்தாருங்க. அவரு வாய்க்கு ஒண்ணுமில்ல, நல்லா கத்தி அழுதாரு. பதுளை ஆஸ்பத்திரியில எந்த வார்டு, ஜன்னல்லேருந்து எத்தனாவது கட்டிலு, எல்லாம் சொன்னாரு. சுருட்ட ஒளிச்சுப் புடிச்ச பழிய அவரு தலையில போட்டதையும் நான் அவருகிட்ட சொல்லத்தான் போறேன். இன்னைக்கு நீங்க பேசினது அம்புட்டும் இந்த போன்ல ரெக்கோட் ஆகிக்கிட்டு இருக்கு, ஆறு தாண்டி கூப்பிட்டதும் சேத்து. இன்னும் நெறய எடம் இருக்கு, பேசுங்க. மேடம்கிட்ட சொல்லியாச்சு, வர்ற வெள்ளிக்கிழம டிக்கட்டு. அன்னைக்கு நீங்க வாயத் தொறக்க வேணாம். வார்டு வாசல்ல நின்னு நான் கூவுறேன். கட்டில்ல இருந்துக்கிட்டே தோள்ல கெடக்குற துவாய்த் துணிய எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டுங்க. எனக்கு வெளங்கிரும்.