கீர்த்தியின் உயரம்

உளுந்தங்களி கிளறும்போது கையை நிறுத்தக் கூடாது, அம்மா. நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயும் நெய்யும் வழிய வழியக் களி போடுவது எங்கள் பெருநகர் கிராமத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். நானும் என் மகள் கீர்த்திக்கு அதைத்தான் போட்டேன். நீங்கள் இன்ஸ்பெக்டர், கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.

கீர்த்தி நல்ல உயரம். செத்துப்போன அவள் அப்பா வாகு. பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடுவாள். "இன்னும் கொஞ்சம் வளந்தா டிஸ்ட்ரிக்ட் டீம்ல எடுத்துப்பாங்கம்மா" என்று கதவு நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். "வளந்தது போதும்டி" என்று விரட்டுவேன். அவள் பிறந்த அன்றே என் தம்பி கன்னியப்பனின் மகன் அரவிந்தனுக்கு என்று பேசி முடித்தது. அவன் குள்ளம். தம்பி கிணற்றுத் தண்ணீரில்தான் என் வயல் விளைகிறது. புருஷன் இல்லாத எனக்கு அவனை விட்டால் நாதி கிடையாது.

மஞ்சள் நீராட்டுக்குச் சீர் கொண்டுவந்த தம்பி, மணையை விட்டு எழுந்த அவளை அண்ணாந்து பார்த்தான். "இன்னாக்கா, எம்புள்ள ஏணி வெச்சித்தான் தாலி கட்டணும் போலக்கீதே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உயிரே போய்விட்டது.

எனக்குக் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்திருந்தார்கள். உடம்பில் குப்பென்று சூடு ஏறுவது அடங்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இந்த ஹார்மோன் சுரந்துதான் பெண்களுக்கு எலும்பு வளர்வது நிற்கிறது என்று நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து என் மாத்திரையை நான் விழுங்கவில்லை. பொடி செய்து அவள் களியில் போட்டேன். ஒன்றுக்கு இரண்டாகவே போட்டேன். என் உடம்பு அனலாய்க் கொதித்தது, பொறுத்துக்கொண்டேன். பெற்றவள் வேறு என்ன செய்வாள், சொல்லுங்கள்.

ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடுத்த ரத்தம் பால் கலந்த மாதிரி இருந்தது. ஹார்மோன் மாத்திரை ஏதோ உள்ளே போகிறது என்று சந்தேகப்பட்ட டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். கொழுப்பு ரத்தத்தில் தனியாக ஓடாதாம், புரதத்தோடு சேர்ந்து சின்னச் சின்ன உருண்டையாக ஓடுமாம். ஈஸ்ட்ரோஜனிலும் ஒரு பங்கு அந்த உருண்டைகளில் ஏறித்தான் உடம்பெல்லாம் போகுமாம். இவளுக்கு அப்பா வழியில் கொழுப்பு ஏற்கெனவே எக்கச்சக்கம், ஹார்மோன் மாத்திரை அதை இன்னும் ஏற்றிக் கணையத்தைப் புண்ணாக்கிவிடும் என்றார்.

"பொண்ணுக்கு ஏதாச்சும் மாத்திரை குடுக்குறியாம்மா? மறைக்காத. இன்னொரு வாட்டி இப்படி வந்தா உசுரு தங்காது."

"அதெல்லாம் இன்னாத்துக்கு மேடம் குடுக்கப்போறேன்" என்றேன். மாத்திரை அட்டை என் மடியில்தான் இருந்தது.

கொழுப்பில் ஏறிப் போகும் என்றது மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. மருந்து சீக்கிரம் வேலை செய்தால் சீக்கிரம் நிறுத்திவிடலாம் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்தாமல் நெய்யையும் கூட்டினேன். "வேணாம்மா, கொமட்டிக்கினு வருது" என்றாள். ஊட்டிவிட்டேன். நான் ஊட்டினால் அவள் மறுக்கமாட்டாள்.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. பாதி வழி தாண்டும்போதே, ஆட்டோவில் என் மடியிலேயே அடங்கிவிட்டாள்.

டாக்டர் சொன்னது விளங்கவில்லை என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். விளங்கியது, அம்மா. உயிர் போகும் என்றதும் விளங்கியது. தெரிந்துதான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது அரவிந்தன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினான். தம்பி சுவரில் தலையை முட்டிக்கொண்டான். நான் அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்த்துக்கொண்டேன். சடங்குக்குப் பிறகு ஒரு விரற்கடைகூட அவள் வளர்ந்திருக்கவில்லை. மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது.