பிள்ளை கழுத்தில் தோட்டா

புக்கிட் பெலிம்பிங்கில் பஸ் ஏறியபோது உள்ளே ஓட்டுநர், எனக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, அவள் மடியில் கைக்குழந்தை. அவ்வளவு பேர்தான்.

கைப்பேசியைப் பார்த்தவள் கத்தினாள். “பிள்ளை கழுத்துல துப்பாக்கித் தோட்டாவையா கட்டுவீங்க?”

“வெறும் கூடு லா. தோட்டத்துத் துரை எங்கப்பாவைச் சுட்டுக் குறி தப்பினது. வாயை அரக்கால அடைச்சு, சாகுற வரைக்கும் தாயத்தா கட்டியிருந்தாரு.”

“எங்கண்ணன் துப்பாக்கியோட ஜாகா வேலை, காவல் பார்க்குது, நான் அனுப்பின தாயத்து போட்டோவைப் பார்த்துட்டு இப்பதான் மெசேஜ் போட்டிருக்கு. சுட்டிருந்தா அடியில துப்பாக்கி ஊசி குத்தின குழி இருக்குமாம். இதுல எங்க குழி? உங்கப்பா கதை விட்டிருக்காரு. வெடிமருந்து இன்னும் உள்ளதான் இருக்கு!”

நான் இரண்டு இருக்கை பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அவன் தாயத்தைத் திருப்பிப் பார்த்தான். அடி வழவழவென்று இருந்தது. கயிற்றை அவிழ்த்தான்.

“இறங்கினதும் நேரா போலீஸ் ஸ்டேஷன். நீங்களே கொடுங்க.”

“கொடுக்கிறேன் லா. கயிறு கோக்க இதுல வளையம் போட்ட தட்டானுக்கு இன்னும் நாப்பது வெள்ளி கூலி பாக்கி.”