செயலாளரின் நன்றியுரை

முதலில் தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறிப்போகும். விசாரணைக்குழு என்று மூன்று பேர் வவுனியாவிலிருந்து பஸ் ஏறி ஒட்டுசுட்டான்வரை வந்திருக்கிறீர்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். எங்கள் சங்கத்தின் வரலாற்றைக் கேட்க இதுவரை யாரும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அந்த ரேப் ரெக்கோடர் தன் பாட்டுக்கு ஓடட்டும், அதைக் கவனிக்காதீர்கள்.

இரண்டாயிரத்து மூன்றில், சண்டை நின்று பாதை திறந்த சூட்டோடு, அகில இலங்கை இசை நூலகர் சங்கத்தை ஆரம்பித்தோம். அங்கத்தவர்கள் ஆறு பேர். கண்டியில் ஒருவர் தபாலில் சேர்ந்தபடியால் ‘அகில இலங்கை’ என்று போடத் தடையிருக்கவில்லை. தலைவர் வீரையா மாஸ்டர். செயலாளர் முத்துலிங்கமாகிய நான். சண்டைக்குத் தப்பிய கசற்றுகளைச் சனம் கொண்டுவந்து தந்தது. கோயில் நாதஸ்வரம், கூத்து, கல்யாண வீட்டுப் பாட்டு எல்லாம் வந்தன. வாசிகசாலையின் பின்னறையில் ஓர் அலுமாரியில் அடுக்கினோம்.

கசற்றின் விளிம்பில் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் பிறகு அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. வருகிற கசற்றுக்கெல்லாம் அன்றைக்கே பல்லுடைக்க வேண்டும் என்பதுதான் சங்கத்தின் முதல் தீர்மானம். முன்மொழிந்தது நான். ஏகமனதாக நிறைவேறியது.

அந்த அருமையான கூட்டம் பதிவாகாமல் போனது எனக்குப் பெரிய மனக்குறை. அடுத்த கூட்டத்தைப் பதிவதென்றிருந்தேன். வெற்றுக் கசற் வாங்க மறந்துபோனேன். வீரையா மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பிவிட்டார். அலுமாரியில் கைக்கு வந்ததை எடுத்து, உடைந்த பல்லின் ஓட்டையில் பிளாஸ்டர் துண்டொன்றை ஒட்டினேன். அழகாகப் பதிந்தது. அதற்குப் பிறகு வெற்றுக் கசற் தேடி அலையவில்லை. நீங்களே யோசித்துப் பாருங்கள். பாட்டை யாரும் எத்தனை தரமும் பாடலாம். கூட்டம் ஒரு தரந்தான் நடக்கும். இப்போது அந்த அலுமாரியில் நாதஸ்வரமும் இல்லை, கூத்தும் இல்லை. முழுக்க முழுக்க எங்கள் வரலாறுதான்.

நீங்கள் விசாரிக்க வந்த மஹ்றூப் நானாவின் விஷயத்துக்கு வருகிறேன். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பிய வியாபாரி. அவருடைய உம்மா சரீபா அங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார். அதற்கு முன் அவர் பாடிய தாலாட்டு ஒரு கசற்றில் இருந்தது. உம்மாவின் குரலென்று மிஞ்சியது அதுதான்.

“வீட்டுக் கூரை ஒழுகுது தம்பி. உங்கட அலுமாரியில இருந்தா எனக்கு நிம்மதி” என்றார்.

அவருக்கு முன்னாலேயே பல்லை உடைத்துக் காட்டினேன். மனம் குளிர்ந்து போனார். அந்தக் கசற்றில்தான் எங்கள் மூன்றாவது ஆண்டுப் பொதுக்கூட்டம் இருக்கிறது.

போன மாதம் திரும்ப வந்தார். மகள் றிம்ஸியாவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவள் அந்தத் தாலாட்டைப் பழக வேண்டுமாம். கசற்றைப் போட்டேன். வீரையா மாஸ்டரின் தலைமையுரை வந்தது.

“கசற் மாறிப்போச்சோ தம்பி?”

“இல்லை நானா, இதுதான். இருந்து கேளுங்கோ.”

இருந்து கேட்டார், இரண்டு பக்கமும். எங்கள் பொதுக்கூட்டம் ஒன்றை முழுதாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

இரண்டாம் பக்கத்தில் என் நன்றியுரை முடிந்த பிறகு கொஞ்ச இடம் மிஞ்சியிருந்தது. அதில் உம்மா இரண்டு வரி பாடினார். மஹ்றூப் நானா ரேப் ரெக்கோடரில் கையை வைத்தபடி அழுதார். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

“இவ்வளவாவது இருக்கே. எங்கட வீட்டில போட்டுக் கேக்க ஒண்டும் இல்லை. இங்கயே இருக்கட்டும். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

அவர் போன பிறகு எனக்கும் மனம் கனத்தது. நானும் மனிசன்தானே. இப்படியொரு பொறுமைசாலிக்குச் சங்கம் ஏதாவது செய்ய வேண்டாமா? அவரைக் கௌரவ அங்கத்தவராக்குவதென்று முடிவெடுத்தேன். அதை முறைப்படி அறிவித்துப் பதிய வேண்டும். பொதுக்கூட்டக் கசற்றில்தான் பதிய வேண்டும், அதுதான் ஒழுங்கு. அதில் கடைசியில் மட்டுந்தான் இடம் இருந்தது.

அடுத்த நாள் நானாவும் றிம்ஸியாவும் குழந்தையோடு வந்து முன் கதிரைகளில் அமர்ந்தார்கள். குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. கசற்றைப் போட்டுவிட்டேன். மஹ்றூப் நானாவுக்கு மனமார்ந்த நன்றி என்ற என் குரல் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அவர்கள் இருவரும் அசையவே இல்லை. குழந்தை மெல்ல அழுகையை நிறுத்தி நித்திரையாகிவிட்டது. தாலாட்டுக்குத் தேவையே இருக்கவில்லை.