ஐந்து போட வேண்டிய துப்பாக்கி

இடுப்பில் நாள் முழுக்கச் சுமக்கிற துப்பாக்கிக்குக் கனம்தான் முதலில் பார்க்க வேண்டியது, ஹேட்லி தம்பி. ஷெரீஃப் உன்னை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. காபி ஆறுகிறது, குடித்துக்கொண்டே எழுதிக்கொள்.

என் வீட்டுக்காரர் ராய்ஸிடம் இரண்டு ரிவால்வர்கள். இரண்டுமே ஒவ்வொரு முறையும் தோட்டாவை அடிக்கிற பின்பக்கச் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்துச் சுடுகிறவை. புதியதில் ஆறு தோட்டா அறையும் நிரப்பலாம், சுத்தியில் அடிபட்டாலும் வெடிக்காது. ஆனால் கனம். அவர் அப்பாவுடையது லேசு. அதில் ஐந்து தோட்டாதான் போட வேண்டும்; சுத்திக்கு நேரே இருக்கும் அறை காலியாக இருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக்கொடுத்தார். "எங்க மாமா ஆறு போட்டு வச்சிருந்தாரு, லெனோரா. குதிரைச் சேணத்து வாரை இறுக்கறப்போ, சேணத்துக் கொம்புல மாட்டின அங்கவடி, அதான் கால் வைக்கிற இரும்பு வளையம், நழுவி சுத்தி மேல அடிச்சுது. காலே போச்சு."

ஏப்ரலில் இரண்டையும் மேசைமேல் வைத்தார்.

"இந்தக் கோடையோட மாட்டு மந்தையை என் தம்பிகிட்ட விட்டுடறேன். அப்புறம் நாள் முழுக்க வீட்லதான், உன் பக்கத்துலயே. அதுவரைக்கும் எதை எடுத்துட்டுப் போகட்டும், நீயே சொல்லு."

நல்ல மனிதர். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. முப்பத்தொரு வருஷமாக விடியும்முன் கிளம்பி, இருட்டினபின் வருவார். இடையில் இந்த வீட்டில் இருந்த அமைதி ஒன்றுதான் என்னுடையது. அதையும் கொடுக்க என்னிடம் தெம்பில்லை. அவ்வளவு அலுத்துவிட்டது.

"அப்பாவோடதையே எடுத்துக்குங்க. உங்க இடுப்பு வலிக்கு அதுதான் தோது," என்றேன்.

மூட்டுவலியால் அவர் விரலுக்குத் தோட்டா பிடிபடாது. ஞாயிறுதோறும் துடைத்து நிரப்புவது நான்தான். "உன் எண்ணிக்கை தப்பாதும்மா" என்பார். திறந்தே பார்க்க மாட்டார்.

நேற்றுக் காலை லாயத்தில் சத்தம் கேட்டபோது பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். தட்டை அடுப்பில் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு போனேன். அங்கவடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தொடையிலிருந்து ரத்தம் நிற்கவில்லை.

"லெனோரா, அஞ்சுதானே போட்ட?" என்று கேட்டார்.

அவரிடம் நான் பொய் சொன்னதே இல்லை. "ஆறு போட்டேங்க," என்றேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன், அவர் மூச்சு நின்று பிஸ்கட்டும் வெந்தபிறகு.

ஏழு வாரமாக ஆறுதான் போட்டேன், தம்பி. ஒரே ஒரு நாள் அவர் திறந்து பார்த்திருந்தால் விட்டிருப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னை ஒரு தரம்கூடச் சந்தேகப்படவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?