வெள்ளிக்கிழமைச் சம்பளத்தைப் புதனன்றே வழங்கிய வில்டா ஹட்செல் அவர்களுக்கு

முப்பத்தோராண்டு முகம் சுளிக்காத முதல்வியே! மேலாளரின் முறைப்புக்கும் மிரளாத மேன்மையே! பிரையர் கிரீக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெருமையே! வில்டா ஹட்செல் அம்மையீர், வணக்கம்!

அப்படி என்னதான் செய்துவிட்டார் இவர் என்று இந்தப் பணிநிறைவு விழாவுக்கு வந்த விருந்தினர் கேட்கலாம். சொல்கிறோம். வெள்ளிக்கிழமைச் சம்பளத்துக்கான பட்டியலை ஆலைகள் புதன் காலையிலேயே கணினி வழியாக அனுப்பிவிடுகின்றன. யாருக்கு எத்தனை டாலர் என்பதெல்லாம் அதில் உண்டு. பணம் மட்டும் வெள்ளியன்றுதான் வந்து சேரும். மற்ற வங்கிகள் அந்தப் பட்டியலை அடைகாத்துக்கொண்டிருக்க, நீங்களோ அதை நம்பி, சங்கத்தின் கையிருப்பிலிருந்து புதனன்றே வரவு வைத்தீர்கள். அது கடனுமன்று, அதற்குக் கட்டணமுமில்லை. முதியோர் உதவித்தொகைக்கும் அதே முறைதான்.

கோழி இறைச்சி ஆலைத் தொழிலாளி டுவெய்ன் ஒருநாள் உங்கள் காசாளர் சன்னலில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு நாள் முன்னாடியே வருதே, அப்ப ரெண்டு நாள் சம்பளம் கூட உண்டா அக்கா?" என்றார். "ஆசையப் பாரு! அதே காசுதான்டா. முன்னாடியே செலவழிச்சா முன்னாடியே தீரும், பீர் கடைப் பக்கம் போகாம வீட்டுக்குப் போ" என்றீர்கள். வரிசையே சிரித்தது, டுவெய்ன் உட்பட.

சிரிக்க முடியாத நாளும் வந்தது. நான்காண்டுக்கு முன் மர ஆலை புதனன்று பட்டியல் அனுப்பியது. நீங்கள் வரவு வைத்தீர்கள். வியாழனன்று ஆலை அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, பணம் வராது என்றாகிவிட்டது! அறுபத்தொரு குடும்பங்களின் கணக்கிலிருந்து பணத்தை எடுக்கச் சொன்னது நிர்வாகக் குழு. "குடுத்த காசைப் புடுங்குற வேலை எனக்குத் தெரியாது. வேற ஆளப் பாருங்க" என்றீர்கள் எழுந்து நின்று. வேறு எவரும் முன்வரவில்லை. பதினோராம் நாள் ஆலை முழுத்தொகையையும் கட்டியது. உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு மட்டும் வரவேயில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எங்களுக்கு வயிறு எரிகிறது.

முன்வரிசையில் கேக் தட்டோடு அமர்ந்திருக்கும் மேலாளர் ஆல்ட்மேன் அவர்களே, கோபிக்காமல் கேளுங்கள். வில்டா ஓய்வு பெற்ற மறுநாளே, "இனி வெள்ளியன்றுதான் வரவு" என்று சுற்றறிக்கை விட்டீர்கள். வியாழக்கிழமை மின்சாரத்தைத் துண்டிக்க வருகிறவன் வெள்ளி வரை வாசலில் காத்திருப்பானா? ஆலைகள் தவறினால் சங்கத்துக்கு நட்டம் என்கிறீர்கள். முப்பத்தோராண்டில் ஒரே ஒருமுறை, அதுவும் பதினோரு நாள்! அந்தச் சுற்றறிக்கையை நாங்கள் படித்தோம். புரிந்துகொண்டோம். அதன்படி நடக்கமாட்டோம்.

அம்மையீர்! இன்று புதன்கிழமை. ஒன்பது மணிக்குக் கோழி ஆலைப் பட்டியல் வந்தது. முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் வரவு வைத்துவிட்டோம். அனுமதி கேட்கவில்லை. வேலை போனால் காசாளர்கள் எங்கள் நால்வருக்கும் சேர்ந்தே போகட்டும்.

நீங்கள் நோய்நொடியின்றி நூறாண்டு வாழ்க! ஆற்றங்கரையில் தூண்டிலும் கையுமாகக் கவலையற்று அமர்க! செலவுக்கு வெள்ளி வரை காத்திராதீர். ஒன்பதரைக்கு ஓய்வூதியப் பட்டியலும் வந்தது. அதில் பதினேழாவது பெயர் உங்களுடையது. உங்கள் முதல் ஓய்வூதியம் இப்போது உங்கள் கணக்கில் இருக்கிறது, அக்கா. அதை எவர் திருப்பி எடுக்கிறார் என்று பார்த்துவிடுகிறோம்!

பெயரை மறைக்காமல் கையொப்பமிடுவோர்:
ரோண்டா மெயிஸ், கர்டிஸ் லில்லி, டானெட் ஸ்நைடர், ஹோமர் விக்லைன்