குவாரிக் குட்டையில விரால் படம் எடுத்தது சம்பந்தமா வேல்விழி சொன்னது

என் பேரு வேல்விழி, வயசு 22, அப்பா பேரு சங்கரநாராயணன், சொந்த ஊரு திருச்செந்தூர் பக்கம். இப்போ ஒரகடத்துல லேடீஸ் ஹாஸ்டல்ல தங்கி, கார் பார்ட்ஸ் கம்பெனியில லைன்ல வேலை பாக்கேன்.

நான் சாகப் போகல. இதை முதல்ல எழுதுங்கன்னு ஏட்டம்மா ஜோதிகிட்ட சொன்னேன். வரிசையாத்தான் எழுதணும்னாங்க, அதனால வரிசையாவே சொல்லுதேன்.

மூச்சுப் புடிச்சு முங்கி, தண்ணிக்குள்ள மீனைக் கறுப்பு வெள்ளையில படம் எடுக்கது எனக்கு உசுரு. யாரும் சொல்லித் தரல, எல்லாம் யூடியூப்தான். இன்னைக்கு வீக் ஆஃப், காலையில ஒன்பது மணிக்கு வடக்குப்பட்டு பழைய குவாரிக் குட்டைக்குப் போனேன். அங்க ஒரு விரால் குஞ்சு பொரிச்சுக் காவல் காக்குது, வேற எங்கயும் இப்படிக் கிடைக்காது! அதன்பிறகு வெளிச்சம் பாக்க போன்ல என் மூஞ்சியையே கறுப்பு வெள்ளையில எடுத்து, 'இன்னைக்கு ஆழமா போறேன்'னு ஸ்டேட்டஸ் போட்டேன். அதன்பிறகு செருப்பு, ஐடி கார்டு, போன் மூணையும் பாறை மேல வரிசையா வச்சுட்டு, கேமராவோட இறங்கினேன்.

ரூம்மேட் பூமாரி ஸ்டேட்டஸைப் பாத்திருக்கா. கறுப்பு வெள்ளையில மூஞ்சின்னா அவளுக்குக் கண்ணீர் அஞ்சலிதான். பதினேழு தடவை கூப்பிட்டுட்டு வார்டன் கனகலட்சுமி மேடம்கிட்ட சொல்ல, அவங்க நூறுக்கு அடிச்சிருக்காங்க.

மூணாவது முங்குல விரால் என் முகத்துக்கு நேரா வந்து நின்னுச்சு, பின்னால அம்புட்டு குஞ்சும். கிளிக் பண்ணப் போறேன், பாறை மேல செருப்பையும் போனையும் பாத்துட்டு மேல இருந்து ஒருத்தர் குதிச்சு என் முடியப் புடிச்சு இழுத்தார். அங்க ஆடு மேய்க்கிற கோதண்டம்னு அப்புறம்தான் தெரியும். கரையில வச்சு, "இன்னாம்மா, எவனுக்கோசரம் இது? அவன் ஜாலியா சுத்திகினு இருப்பான்"ன்னார். மீன் போட்டோ எடுத்தேன்னு சொன்னேன். "அல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்கோ"ன்னார்.

அதன்பிறகு போலீஸ் வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. ஓடி வந்த பூமாரி முதுகுல ஒண்ணு வச்சு, "ஏட்டி, மூஞ்சியையாவது கலர்ல போட்டுத் தொலைய வேண்டியதுதான"ன்னு அழுதா. எஸ்.ஐ. படமெல்லாம் பாத்துட்டு, கலர்ல எடுத்தா என்னன்னு கேட்டார். அந்தத் தண்ணியில கலர்ல எடுத்தா எல்லாம் பச்சைப் பாசிதான், கறுப்பு வெள்ளையிலதான் செதில் ஒவ்வொண்ணா தெரியும்னு அஞ்சாவது தடவையா சொன்னேன்.

தற்கொலை முயற்சி இல்லைன்னு ஸ்டேஷன்ல இருந்து பேப்பர் கொண்டு வரலேன்னா அப்பாவை வரச்சொல்லி ஊருக்கு அனுப்பிருவேன்னு வார்டன் சொல்லிட்டாங்க. அப்பா வந்தா வேலையும் போச்சு.

கடைசியில ஏட்டம்மா, 'மன உளைச்சலில் இருந்தேன், இனி அந்தக் குட்டையில் இறங்க மாட்டேன்'னு எழுதிட்டாங்க. முதல் பாதியை அடிச்சாத்தான் கையெழுத்துன்னேன், அடிச்சாங்க. ரெண்டாவது பாதி இல்லாம பேப்பர் கிடையாதுன்னாங்க. அதுல 'தனியாக'ன்னு ஒரு வார்த்தை சேருங்கன்னேன்.

"கூட யாரும்மா வருவா?"

பூமாரி மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "நான் வாரேன் மேடம். நீச்சல் தெரியாது, கரையில கயிறு புடிப்பேன்"ன்னா. சேர்த்தாங்க.

படிச்சுக் காட்டுனாங்க, கேட்டேன். அடிச்ச இடத்துலயும் சேர்த்த இடத்துலயும் சின்னக் கையெழுத்து போட்டிருக்கேன். மத்தது பூரா நடந்ததுதான். ஹாஸ்டல் ஏழு மணிக்குப் பூட்டிருவாங்க, அதுக்குள்ள பேப்பரைக் குடுத்துருங்க.

(ஒப்பம்) ச. வேல்விழி
சாட்சி: பூமாரி